குழந்தையின்மை: மனபாரத்துக்கு யாரிடம் போவது?

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதியிடம் எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த ஸ்கேன் சென்டரில் கூட்டம் குறைவு, எந்த ஊசி எங்கே மலிவு என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது யாரிடம் பேசுவது என்று கேட்டால் பதில் வராது. "கவுன்சிலிங் போயேன்" என்று சொல்பவர்களும் எங்கே, யாரிடம், எதற்காக என்று சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இன்று இதற்கு ஆறேழு வழிகள் இருக்கின்றன. கருத்தரிப்பு மையத்திலேயே இருக்கும் கவுன்சிலர், வெளியே தனியாகப் பார்க்கும் உளவியலாளர், மனநல மருத்துவர், அரசின் தொலைபேசிச் சேவை, ஆதரவுக் குழுக்கள், தாம்பத்யச் சிக்கலுக்கான நிபுணர், வீட்டுப் பெரியவர்களும் கோயிலும். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்களை அழுத்துவது எது என்பதைப் பொறுத்தே விடை மாறும். அடுத்து ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) போவதா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு ஒருவர், கலைந்துபோன கருவின் துக்கத்துக்கு இன்னொருவர், மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்காத நிலைக்கு வேறொருவர். ஆள் மாறிப் போய்விட்டு, "கவுன்சிலிங்கெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று திரும்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டா எப்படிம்மா நிக்கும்?" என்று சொல்லாத உறவினர் இல்லை. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 14 ஆய்வுகளில் இருந்த 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை தொடங்கும் முன் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் இருந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சைச் சுழற்சியில் கரு தங்கும் வாய்ப்பு குறைந்துவிடவில்லை. ஆகவே டிரான்ஸ்பர் (கருவைக் கருப்பையில் வைப்பது) தோற்றதற்கு நீங்கள் அழுதது காரணமில்லை. இதை மாமியாருக்கும் சொல்லலாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது அதைவிட முக்கியம். இதையே மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும்: "பத்து அமர்வு வாங்க, கரு நிக்க நாங்க பொறுப்பு" என்று சொல்கிறவரிடம் போகக் கூடாது. கவுன்சிலிங் கருவை நிறுத்தித் தராது. சிகிச்சையை உடையாமல் தாங்கவும், பாதியில் வெறுத்து ஓடாமல் இருக்கவும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும், இதற்கிடையே கணவன் மனைவி எதிரிகளாகிவிடாமல் இருக்கவும் உதவும். அந்த அளவே மிகப் பெரிய உதவி.

கருத்தரிப்பு மையத்தின் கவுன்சிலர்

ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) ஒழுங்குமுறைச் சட்டம் 2021, அதன் கீழ் வந்த 2022ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி ஐவிஎஃப் செய்யும் மையம் ஒவ்வொன்றிலும் கவுன்சிலர் இருந்தே ஆக வேண்டும். சிகிச்சையின் விளைவுகள், அந்த மையத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, பக்க விளைவுகள், செலவு, இரட்டைக் கரு போன்ற ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கி, தம்பதி தெரிந்து முடிவெடுக்க உதவுவது மையத்தின் கடமை. இது அவர்கள் காட்டும் சலுகை அல்ல, உங்கள் உரிமை. "எங்களுக்குக் கவுன்சிலரைப் பார்க்கணும்" என்று வரவேற்பு மேசையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். ஒன்று தகுதி. உளவியல் படித்தவர் மட்டுமல்ல, நர்சிங் அல்லது உயிர் அறிவியல் பட்டதாரியும் இந்தப் பணியில் இருக்க விதி இடம் தருகிறது. அவர் சிகிச்சை முறையை அழகாக விளக்குவார். துக்கத்தைக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல இடங்களில் பேக்கேஜ் கட்டணம் பேசுபவரும் கவுன்சிலரும் ஒருவரே. பேச்சு தவணைத் திட்டத்துக்குப் போய்விட்டால் நீங்கள் உட்கார்ந்திருப்பது கவுன்சிலிங்கில் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. மையத்தில் சம்பளம் வாங்குபவரிடம் "நாங்கள் நிறுத்திவிடலாமா?" என்று கேட்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பயனில்லை. தனிப்பட்ட முறையில் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. நிறுத்துவது பற்றிய பேச்சுக்கு வெளியாள்தான் வேண்டும்.

எதற்கு இவர் பொருத்தம் என்றால், முடிவெடுக்கத் தேவையான தகவலுக்கு. கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். என் வயதில், என் ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவில், இந்த மையத்தில் ஒரு முறை கரு வைத்தால் குழந்தை கையில் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? "பாசிட்டிவ் ஆனவர்கள்" என்ற எண்ணிக்கை வேறு, "பிரசவம் ஆனவர்கள்" என்ற எண்ணிக்கை வேறு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதலாவது. கருமுட்டை எதிர்பார்த்த அளவு வராவிட்டால் அடுத்து என்ன? மீதமாகும் கருக்களை உறைய வைத்தால் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், கருப்பையில் கரு வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறச் சட்டம் அனுமதிக்கிறது. படிவத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். கருமுட்டை எடுக்கும் நாள் காலையில், வெறும் வயிற்றோடு, அறுவை அரங்கு வாசலில் பதினைந்து பக்கத்தில் கையெழுத்துப் போடுவது தெரிந்து எடுக்கும் முடிவாகாது.

வெளியே பார்க்கும் உளவியலாளர்

துக்கம், குற்றவுணர்வு, தம்பதிக்குள் சண்டை, விசேஷ வீடுகளுக்குப் போகவே பயம், "எனக்கு மட்டும் ஏன்" என்று சுழன்றுகொண்டே இருக்கும் எண்ணம் இவற்றுக்கெல்லாம் சரியான ஆள் இவர்தான். ஆனால் இந்தத் துறையில் போர்டு மாட்டுவது எளிது. "கவுன்சிலர்" என்ற பெயரை மூன்று மாத டிப்ளமோ முடித்தவரும் வைத்துக்கொள்கிறார். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின், அதாவது ஆர்சிஐயின், பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தருவார், குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கவுன்சிலிங் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று அனுபவம் உள்ளவர்களிலும் மிக நல்லவர்கள் உண்டு. அங்கே பட்டம் எது, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் 45 முதல் 60 நிமிட அமர்வுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஆகவே முதல் அமர்வுக்கு முன் போனிலேயே சிலவற்றைக் கேட்டுவிடுவது மிச்சம். குழந்தையின்மை சிகிச்சையில் இருப்பவர்களை இதற்கு முன் பார்த்திருக்கிறாரா? முழுக்கத் தமிழில் பேச முடியுமா? (சென்னையில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி, அழும்போது யாரும் ஆங்கிலத்தில் அழுவதில்லை.) கணவன் மனைவி சேர்ந்து வரலாமா, தனித்தனியாகவும் பார்ப்பாரா? தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வாரா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரை விட்டுவிடலாம்.

முதல் அமர்வு எப்படி இருக்க வேண்டும்? சிகிச்சை எங்கே நிற்கிறது, எத்தனை இழப்புகள், வீட்டில் யார் யாருக்குத் தெரியும், தூக்கம், சாப்பாடு, வேலை, தாம்பத்யம் எப்படி இருக்கின்றன என்று கேட்பார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று நேராகக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். முடிவில், எதைச் சரிசெய்ய வந்தோம், எத்தனை அமர்வு, எப்போது மறுபடி மதிப்பிடுவது என்று ஓர் ஏற்பாடு இருக்கும். வாராவாரம் ஆறு முதல் பத்து அமர்வு என்பது நியாயமான தொடக்கம். ஃபாலிக்கிள் ஸ்டடி (முட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேன்) என்றால் என்ன என்று நீங்களே அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தால், அல்லது முதல் அரைமணி நேரத்திலேயே "தத்து எடுத்துடுங்களேன்" என்றால், அடுத்த முறை போக வேண்டாம். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதற்காக இந்த வழியே வேண்டாம் என்று முடிவுகட்டாதீர்கள். மூன்றாவது அமர்வுக்குப் பிறகும் அவரிடம் உண்மை பேச வாய் வரவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள்.

ஐவிஎஃப் போகிறவர்கள் அமர்வை நாட்காட்டி பார்த்துப் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போடும் காலம் பெரும்பாலும் 8 முதல் 12 நாள். தினமும் ஓட்டம், மனசு வேலையில் இருக்கும். கரு வைத்த பிறகு பீட்டா ரத்தப் பரிசோதனை (கர்ப்பமா என்று பார்ப்பது) வரைக்கும் உள்ள 10 முதல் 14 நாள்தான் கொடுமை, செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே தொடங்கும் முன் ஒன்று, அந்தக் காத்திருப்பின் நடுவில் ஒன்று, முடிவு வந்த மூன்று நான்கு நாளில் ஒன்று என முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். முடிவு தோல்வி என்றால் அன்றைக்கு போன் எடுத்து நேரம் கேட்கும் தெம்பு இருக்காது. பாசிட்டிவ் என்றாலும் அந்த அமர்வை ரத்து செய்ய வேண்டாம். பலருக்குப் பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆன்லைன் அமர்வு சின்ன ஊர்க்காரர்களுக்கு வரப்பிரசாதம். தடை வேறெங்கோ இருக்கிறது: கூட்டுக் குடும்பத்தில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் கிடையாது. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், வேலை செய்யும் இடத்தில் மதிய இடைவேளை என ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மாமியார் காதில் விழுமோ என்று குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசும் அமர்வில் பாதிப் பணம் வீண்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி ஆணின் பங்கும் இருக்கிறது, ஆனால் கவுன்சிலிங் அறையில் ஆண்கள் குறைவு. "அவளுக்குத்தான் தேவை, நான் வெளியே உட்கார்றேன்" என்பார்கள். விந்தணு அறவே இல்லை என்ற ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்றே தானமாகப் பெற்ற விந்தணுவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, வருடக்கணக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும் கணவர்கள் உண்டு. அந்த ரிப்போர்ட்டுக்கும் அந்தச் சம்மதத்துக்கும் நடுவே சில வார இடைவெளியும், கணவருக்கென்று தனியாக இரண்டு மூன்று அமர்வும் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. விதைப்பையிலிருந்தே விந்தணு எடுக்க முடியுமா என்று ஆண்மையியல் மருத்துவர் பார்ப்பதற்கும் அந்த நேரம் உதவும்.

மனநல மருத்துவர் எப்போது?

துக்கத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் கோடு கிழிப்பது சுலபமில்லை. ஒரு கைக்கணக்கு உண்டு. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தகுதியானவரைப் பார்க்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளுக்கு ஹார்மோன் ஊசியாலும் மதிப்பெண் ஏறும். ஆகவே முதல் இரண்டு கேள்விகளான எதிலும் ஈடுபாடில்லாமை, மனம் தாழ்ந்து கிடப்பது ஆகியவற்றைத் தனியாகக் கவனியுங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. காலையில் ஓபி சீட்டு வாங்கினால் போதும், கட்டணமில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவர் வருகிறார். எந்த நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அரசு ஓபியில் கூட்டம் அதிகம், பேச நேரம் குறைவு. ஆகவே மருந்துக்கு அங்கே, பேச்சுக்கு உளவியலாளரிடம் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கே போனது வெளியே தெரியுமோ என்ற பயத்துக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியத்தை உரிமையாகவே தருகிறது.

மருந்து விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்" என்பதை மனநல மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைசி மாதவிலக்குத் தேதியோடு. வால்புரோயேட் வகை மருந்து கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே எடுப்பவர் தானாக நிறுத்தாமல், முயற்சி தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மனநல மருந்துகள் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனை ஏற்றி முட்டை வெளிவருவதைத் தடுக்கலாம். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: கேஸ் தொல்லைக்குக் கொடுக்கும் சில கேப்சூல்களில் லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது, அதுவும் புரோலாக்டினை ஏற்றும். புரோலாக்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் வயிற்று மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆண்கள் எடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகளில் பல விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். சாம்பிள் கொடுக்கும் அன்று அவதிப்படுவதற்குப் பதில் முன்பே ஒரு சாம்பிளை உறைய வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கருமுட்டை எடுக்க மயக்கம் கொடுக்கும் மருத்துவருக்கும் இந்த மாத்திரைகள் தெரிந்தாக வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் மனநல மாத்திரையைத் தூக்கி எறிவதுதான் இன்னொரு பெரிய தவறு. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் கர்ப்பத்திலும் தொடரப்படுவதுண்டு. நிறுத்துவதா குறைப்பதா என்பதை இரண்டு டாக்டர்களும் சேர்ந்து சொல்லட்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதால், அடுத்த சுழற்சி எப்போது என்று பார்த்து முன்கூட்டியே தொடங்குவதும் நல்லது. மருந்துக்கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், அது சீக்கிரம் பழக்கமாகிவிடும்.

படுக்கையறைச் சிக்கல் என்றால்

கல்யாணமாகி மூன்று வருடம், ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) இரண்டு முறை ஆயிற்று, ஆனால் முழுமையான உடலுறவு இதுவரை நடக்கவே இல்லை. இப்படி வரும் தம்பதிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெண்ணுக்குப் பிறப்புறுப்புத் தசை தானாக இறுகிக்கொள்வது, ஆணுக்கு விறைப்பின்மை, அல்லது "இன்னைக்கு பன்னிரண்டாவது நாள், இன்னைக்கே ஆகணும்" என்று தேதி குறித்ததால் வந்த பதற்றம். கவுன்சிலரிடம் இதைச் சொல்லக் கூச்சம், டாக்டர் கேட்பதில்லை, நேராக ஐயுஐக்கு அனுப்பிவிடுகிறார்கள். கரு தங்கினாலும் சிக்கல் அப்படியே இருக்கும். உள்பரிசோதனை ஸ்கேன் ஒவ்வொன்றும் வேதனையாகும்.

இதற்குப் பொதுவான கவுன்சிலிங் போதாது. பாலியல் மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர், தேவைப்பட்டால் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தசை இறுக்கத்துக்குப் படிப்படியாகப் பெரிதாகும் விரிப்பான்கள் (உள்ளே வைத்துப் பழகும் டைலேட்டர்கள்), மூச்சு, தளர்வுப் பயிற்சி ஆகியவை தரப்படும். சில மாதம் ஒழுங்காகச் செய்தால் நல்ல பலன் தரும் சிகிச்சை இது. லாட்ஜில் அறை எடுத்து "தாம்பத்யக் குறைபாடு, குழந்தையின்மை நீக்கப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். பெண்களின் மலட்டுத்தன்மையையும் ஆண்மைக் குறைவையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டப்படி குற்றம்.

போனில் பேசுவது

டெலிமனாஸ், எண் 14416. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை; 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலும். மொழியைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றிவிடுவார் அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. நள்ளிரவு நெருக்கடிக்கும், "நான் டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறேனா?" என்று தெரிந்துகொள்ளவும் போனுக்கு ஈடில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுப்பார் என்பதால் தொடர் சிகிச்சைக்கு இது மாற்று ஆகாது.

குழுக்கள்

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அக்கா" என்று இன்னொருத்தி சொல்வதில் கிடைக்கும் ஆறுதலை எந்த நிபுணராலும் தர முடியாது. அதனால்தான் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்கள் இத்தனை. நல்ல குழுவை அதன் விதிகளை வைத்து அடையாளம் காணலாம்: மருந்தின் அளவைச் சொல்லக் கூடாது, ரிப்போர்ட்டைப் பெயரோடு போடக் கூடாது, கர்ப்பமானவர்களுக்குத் தனிக் குழு உண்டு, மையங்களின் ஆட்களுக்கு இடமில்லை. இந்த விதிகள் இல்லாத குழுவில் நடப்பது வேறு. ஒருத்தி பதினான்காம் நாள் பீட்டா 480 என்று போடுவாள். பத்தாம் நாளில் 52 வந்த இன்னொருத்தி அன்று முழுக்க அழுவாள், இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்பெட்டியில் கருமுட்டை தருகிறோம் என்று தரகர் வருவார். கருமுட்டை விற்பனை சட்டப்படி தண்டனைக்குரியது, தானக் கருமுட்டை பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

நெறியாளர் ஒருவர் நடத்தும், எட்டு பத்துப் பேருக்கு மேல் போகாத, நேரில் கூடும் குழு கிடைத்தால் விடாதீர்கள். வாட்ஸாப் குழுவில் இருந்தால் காத்திருப்பு நாட்களில் மியூட் செய்துவிடுங்கள்.

வீடும் கோயிலும்

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் வாங்கி வந்த நெய்யை 48 நாள் இருவரும் சாப்பிடுவது பலருக்குப் பெரிய தெம்பு. அதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஒன்றாக உட்கார்ந்து தினமும் ஒரு காரியம் செய்வதே தம்பதிக்கு நல்லது. தோஷம், பரிகாரம் என்று பழி ஒருத்தி தலையில் விழும்போதும், ஊசி காலத்தில் பட்டினி விரதம் இருக்கும்போதும், 35 வயது தாண்டியவர் ஆறு மாதத்துக்கு மேலும் டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போடும்போதும்தான் கெடுதல்.

வீட்டில் எவ்வளவு சொல்வது என்பதைத் தம்பதி சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். "டாக்டரைப் பார்த்துட்டு இருக்கோம் அத்தை, ஏதாவது இருந்தா நாங்களே முதல்ல உங்களுக்குச் சொல்றோம்" என்ற ஒரே பதிலை, அவரவர் வீட்டுக்கு அவரவரே சொல்வது நல்லது. மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகும். மகன் சொன்னால் அது வெறும் செய்தி. நெருங்கியவர் வளைகாப்புக்குப் போகாமல் இருப்பதில் தவறில்லை. முந்தின நாள் தனியாகப் போய் வளையலோ புடவையோ கொடுத்துவிட்டு வரலாம்.

பேச்சு எல்லை மீறினால் அது கவுன்சிலிங்கில் தீரும் விஷயம் அல்ல. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவதும் கேலி செய்வதும், குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் மனரீதியான வன்முறைக்கு உதாரணமாகப் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும் இதற்குத்தான். இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவரைத் தம்பதி கவுன்சிலிங்குக்கு அனுப்பி "அனுசரிச்சுப் போங்க" என்று சொல்வது அநியாயம்.

நீங்களே செய்துகொள்ளக்கூடியது

காசில்லாதவர்களுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் இரண்டு முறைகள். பிரிட்டனில் உருவான ஒரு பயிற்சியில், காத்திருப்பு நாட்களுக்கென்று பத்து வாக்கியங்கள் கொண்ட சின்ன அட்டை தருகிறார்கள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை படிக்க வேண்டும். "நல்லதே நடக்கும்" என்ற ரகம் இல்லை அது. இந்தச் சூழலிலும் என்னால் முடிந்ததைப் பார்ப்பேன், இதிலும் எனக்குப் பயன்படுவது எது என்று யோசிப்பேன் என்கிற மாதிரியானவை. உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி ஊசி வைக்கும் டப்பாவில் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, தம்பதிக்கு: குழந்தைப் பேச்சுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம். பத்து நிமிடம் ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மணி முடிந்ததும் வேறு பேச்சு. பேசவே மறுக்கும் கணவரும், பேசி முடிக்காத மனைவியும் இருக்கும் வீட்டில் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இருவருக்கும் முடிவு நேரம் தெரிந்திருக்கிறது.

கையில் இருக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும்

சிகிச்சையின் முதல் வருடத்தில், பரிசோதனைகள் மட்டும் நடந்துகொண்டிருந்தால், 20 நிமிடப் பேச்சும் ஒரு நல்ல குழுவும் பெரும்பாலும் போதும். ஐவிஎஃப் தொடங்குகிறீர்கள் என்றால் மையத்தின் கவுன்சிலரிடம் கேள்விப் பட்டியலோடு ஒரு முறை, வெளி உளவியலாளரிடம் மேலே சொன்ன மூன்று அமர்வு. ஐவிஎஃப் செலவோடு பார்த்தால் இந்த மூன்று அமர்வின் கட்டணம் சிறியது. பேக்கேஜ் கணக்கிலேயே அதையும் எழுதி வைத்துவிடுங்கள். தொடங்கும் முன் ஒரு தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்திடவும் வேண்டும்: எத்தனை முறை முயல்வோம், எவ்வளவு பணம் வரை, நகையையும் நிலத்தையும் தொடுவோமா, எந்தத் தேதியில் உட்கார்ந்து மறுபடி பேசுவோம். இதைத் தோல்விக்குப் பிறகு எழுதக் கூடாது. அன்றைக்கு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. இரண்டு முறை தோற்றுப் போயிருந்தால், அல்லது கரு கலைந்திருந்தால், அடுத்த சுழற்சித் தேதியை முடிவு செய்யும் முன் உளவியலாளர். பிஎச்க்யூ மதிப்பெண் 10ஐத் தொட்டால் மனநல மருத்துவரும்.

தானக் கருமுட்டை அல்லது விந்தணு என்றால் தம்பதி அமர்வு இல்லாமல் கையெழுத்து வேண்டாம். பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் சொந்தக் குழந்தை, தானம் கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. சட்டம் தீர்த்து வைக்காத கேள்விகள் வேறு: குழந்தைக்குச் சொல்வோமா, எந்த வயதில், வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா? கணவனும் மனைவியும் இதில் வேறு வேறு எண்ணத்தில் இருந்துகொண்டு, கேட்டுக்கொள்ளாமலே சிகிச்சையை முடித்துவிடுவதுதான் பின்னால் வெடிக்கிறது.

நிறுத்துவது பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், மையத்துக்குச் சம்பந்தமில்லாத உளவியலாளர். உறைய வைத்த கருக்கள் மிச்சமிருந்தால் அவற்றின் கதி பற்றியும் அங்கேயே பேசுங்கள். சட்டப்படி பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாம், ஆகவே நிறுத்திய மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டிய அவசரமில்லை. தத்தெடுப்பது அவசரமில்லாத விஷயம் போலத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி இருவரின் வயதும் சேர்த்து 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90. காத்திருப்போ ஆண்டுக்கணக்கில். வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர், சிகிச்சையை முழுக்க முடித்துவிட்டீர்களா, இருவருக்கும் சம்மதமா, பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார். துக்கம் ஆறாமல் அவசரப்பட்டுப் பதிவு செய்ய வேண்டாம். உங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் ஏற்கெனவே 78, 80 வந்துவிட்டது என்றால், உளவியலாளரிடம் இந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த மாதத்துக்குள் இரண்டு அமர்வு கேட்டு வாங்குங்கள்.